ஒரு கையெழுத்தும் எட்டுக் காட்டா நிலமும்

1

நான் கொல்கத்தாவுக்கு வந்து பத்து வருடம் நிறைந்த வாரத்தில் என் மகள் யாழினி பள்ளியிலிருந்து ஒரு படம் வரைந்துகொண்டு வந்தாள். ஒன்றாம் வகுப்பு. அவரவர் ஊர் வீட்டை வரையச் சொல்லியிருக்கிறார் ஆசிரியை. இங்கே அதற்கு ‘தேஷேர் பாரி’ என்று பெயர். மூன்று தலைமுறையாக நகரத்துக்குள்ளேயே இருக்கும் குடும்பத்துக்கும் சொல்ல ஏதோ ஒரு கிராமத்தின் பெயர் இருக்கும். புதிதாக அறிமுகமாகிறவர்கள் ஐந்தாவது நிமிடத்தில் கேட்டுவிடுவார்கள், “உங்க தேஷேர் பாரி எங்கே?” என்று.

மற்ற பிள்ளைகள் குளமும் வாழையும் வாத்தும் வரைந்திருந்தார்களாம். யாழினியின் தாளில் இருந்தது ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. டாலிகஞ்சில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடியின் பால்கனியில் இருப்பது. தொட்டியின் விரிசலைக்கூட விடாமல் வரைந்திருந்தாள்.

“நம்ம ஊர் வீடு கோபியில இருக்குல்ல கண்ணு? அதை வரஞ்சிருக்கலாமே.”

“ஸே தோ மாமார் பாரி, மா,” என்றாள். அது மாமா வீடு அம்மா. தமிழில் ஆரம்பிக்கிற பேச்சு, முக்கியமான இடம் வந்ததும் வங்காளத்துக்குப் போய்விடும் அவளுக்கு. பிறகு எனக்காகத் தமிழுக்குத் திரும்பி, “நம்மளோடது எது?” என்று கேட்டாள்.

அம்மாவின் பிறந்த வீட்டை வங்காளப் பிள்ளைகள் மாமா வீடு என்றுதான் சொல்வார்கள். அவள் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை பள்ளிப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தபோது, ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டத்தில் என் பேனா நின்றுவிட்டது. பத்து வருடமாக யோசிக்காமல் எழுதிவந்த கோபிசெட்டிபாளையத்து முகவரி. அந்த வீடு இப்போது என் தம்பி கார்த்தியின் பெயரில் இருக்கிறது. யாழினி சொன்னது பத்திரப்படியும் சரி.

நிலம் தேடுவது என்று அன்றுதான் முடிவு செய்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். சனிக்கிழமை காலை கிளம்பிப் போய் ஞாயிறு மாலை திரும்பக்கூடிய தூரத்தில் இரண்டு அறை வீடு, ஒரு முருங்கை, ஒரு வாழைக் குத்து, இந்தத் தொட்டியிலிருந்து கறிவேப்பிலையை இறக்கி நடக் கொஞ்சம் மண். படிவத்தில் எழுத ஒரு முகவரி.

2

நான் சிவில் இன்ஜினீயர். மற்றவர்கள் போட்ட கட்டட வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. தூண், கம்பி, இடைவெளி என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் நேராக டிக் போடுவேன். ஒரு டிக் குறைந்தாலும் வரைபடம் திரும்பிப் போகும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் கணவர் சேகர் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் கும்பகோணத்திலிருந்து வந்த குடும்பம். தமிழ் பேசுவார், கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

“என்னையே லிஸ்ட் போட்டு டிக் அடிச்சுத்தான் எடுத்தா. ரெண்டு இடத்துல டிக் விழல. க்ரேஸ் மார்க்ல பாஸ் பண்ணினேன்,” என்பார் வீட்டுக்கு வருகிறவர்களிடம்.

நிலத்துக்கு முப்பத்தொரு கேள்விகள் எழுதினேன். ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாமா? பாதை யாருடையது? பதிவேட்டில் இருக்கும் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா? உடன் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடத் தயாரா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பத்தொன்பது என்று எண் போட்டிருந்தேன். முப்பத்தொன்றாவதாக ‘பாம்பு?’ என்று சேர்த்தவர் சேகர்.

தரகர் பெயர் நிமாய். பாருய்பூருக்கு அப்பால், தெற்கே போகும் லோக்கல் ரயில் பாதையின் இருபுறமும் உள்ள நிலங்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான் அவரை ‘நிமாய்தா’ என்றேன், அதாவது நிமாய் அண்ணன். அவர் என்னை ‘பௌதி’ என்றார், அதாவது அண்ணி. முறை இடிக்கிறதே என்று இங்கே யாரும் கவலைப்படுவதில்லை.

மாசி மாதத்தில் அவர் இரண்டு இடம் காட்டினார். ஒன்று மேட்டு நிலம், ஓரமெல்லாம் மூங்கில், மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. இன்னொன்று பள்ளத்தில். கறுத்த மண், காலை வைத்தால் மெத்தென்று இறங்கியது, பக்கத்திலேயே சிறிய வாய்க்கால். உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் வாய்க்கால் பாயும் வயலுக்கு உள்ள மரியாதை மேட்டாங்காட்டுக்குக் கிடையாது. மூன்றாவது தடவையும் போர் போட்டுத் தண்ணீர் வராமல் குழாயை உருவி எடுத்த நாளில் அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். பள்ளத்து நிலத்தை வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

“இதயே எடு அம்மிணி. மேட்டாங்காட்ட வாங்கிப்போட்டுத் தண்ணிக்கு எங்க போவ?” என்றார்.

மேட்டு நிலத்தை அடித்துவிட்டேன். நிமாய்தா தலையாட்டினார். சேகரின் வேலை, யாழினியின் பரீட்சை என்று நாள் தள்ளிப்போய், அளந்து பார்ப்பதற்காக நாங்கள் திரும்பப் போனபோது ஆடி பிறந்திருந்தது. நிலத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர். அதன் நடுவில் வாத்துகள். யாழினி எண்ணிப் பார்த்துப் பதினொன்று என்றாள்.

“நிமாய்தா, இது என்ன?”

“ஏன் பௌதி, பிடிக்கலையா? நீங்க மீன் வளக்கத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சேன்.”

“வீடு கட்டன்னு சொன்னேனே!”

“சொன்னீங்க. ஆனா நீங்க இன்ஜினீயர் ஆச்சே. மேட்டை வேண்டாம்னு பள்ளத்தைக் கேட்டா, அதுல ஏதோ பெரிய விஷயம் இருக்கும்னு விட்டுட்டேன்.”

வாத்து வீடியோவையும் அப்பாவுக்கு அனுப்பினேன். இருமல் வரும்வரை சிரித்தார். “தண்ணி இருக்குன்னு நெலம் வேண்டாம்ங்கற ஊர நான் பாத்ததே இல்ல அம்மிணி.” சிரித்து முடித்துவிட்டு, “அப்ப அங்கயே இருந்துக்கறதுதானா?” என்று கேட்டார்.

“வார லீவுக்குத்தானுங்கப்பா.”

“ம்,” என்றார்.

பட்டியலின் முதல் வரியை மாற்றினேன். ‘தண்ணீர் கிடைக்குமா’ என்று இருந்ததை ‘தண்ணீர் வடியுமா’ என்று. நிலம் பார்க்கப் போவது மழையில் மட்டும் என்றும் கீழே எழுதிக்கொண்டேன்.

3

புரட்டாசி மழையில், குடையும் ரப்பர் செருப்புமாகப் பார்த்த இடம்தான் இந்தக் குறிப்பின் எட்டுக் காட்டா. ஒரு காட்டா என்பது நம் கணக்கில் ஒன்றரை சென்ட்டைவிடக் கொஞ்சம் கூடுதல். மொத்தம் பதின்மூன்று சென்ட் இருக்கும். சுற்றிலும் வயலெல்லாம் தண்ணீராகக் கிடக்க, இது மட்டும் இடுப்பளவு உயர்ந்து நின்றது. வடக்கே ஒரு குளம், நாலு படி இறங்கும் சிறிய படித்துறை. நடுவில் எப்போதோ விழுந்துபோன மண் வீட்டின் மேடை மட்டும் மீந்திருந்தது. அதன்மேல் யாழினி ஏறி நின்று கைகளை விரித்துச் சுற்றினாள்.

“நான் இங்கதான் தூங்குவேன்,” என்றாள். தமிழில் சொன்னாள். நான் அதைக் கவனித்தேன்.

விற்பவர் பிரபீர் பாபு, தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். பாருய்பூரில் சொந்த வீடு. மெலிந்த மனிதர், பேச்சுக்குப் பேச்சு என்னை ‘மா’ என்றார். இந்தப் பக்கத்தில் வீடு கட்டுவதற்கு முதலில் குளம் வெட்டுவார்களாம். வெட்டிய மண்ணைப் பக்கத்தில் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வீடு. “அங்க எவ்வளவு பள்ளமோ இங்க அவ்வளவு மேடு, மா. குளமும் வீடும் ஒரே வயித்துப் பிள்ளைங்க,” என்றார்.

என் பட்டியலில் வரிசையாக டிக் விழுந்துகொண்டிருந்தது. பத்தொன்பதுக்கு வந்தேன். உடன் வாரிசுகள்?

“ஒரே தங்கச்சி, சந்த்யா. ஹவுராவுல கட்டிக் குடுத்தாச்சு. அவ பங்கை எனக்கு எழுதிக் குடுத்துருவா. அப்புறம் மொத்தமா நான் உங்களுக்கு.”

“அவங்க கிட்ட பேசிட்டீங்களா?”

“பேச என்ன இருக்கு மா? பாய்ஃபோட்டாவுக்கு எப்படியும் வருவா. வர்றது வர்றா, அன்னிக்கே ஒரு கையெழுத்தை வாங்கிடலாம்.”

தீபாவளி கழிந்த இரண்டாம் நாள் இங்கே பாய்ஃபோட்டா. சகோதரிகள் சகோதரன் நெற்றியில் சுண்டுவிரலால் சந்தனப் பொட்டு வைத்து, அவன் ஆயுளுக்காக ஒரு பாட்டுச் சொல்லி இனிப்பு ஊட்டுவார்கள். அவன் புடவையோ பணமோ கொடுப்பான். இன்னும் ஒரு மாதம் இருந்தது. பத்தொன்பதுக்கு நேராகப் பென்சிலில் ஒரு டிக் போட்டேன்.

ரயிலில் திரும்பும்போது யாழினி என் மடியில் தூங்கிவிட்டாள். வீட்டு வரைபடத்தை நான் அப்போதே மனதில் போட ஆரம்பித்திருந்தேன். மேடையின்மேல் கிழக்குப் பார்த்த வாசல், தெற்கே சமையலறை. பாதியில் நின்றுவிட்டது. ‘வர்றது வர்றா’ என்ற சொல் தொண்டையில் மீன் முள்போல நின்றது. அதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். தமிழில், என் அப்பாவின் குரலில்.

4

யாழினி வயிற்றில் ஏழு மாதம். வளைகாப்புக்காகக் கோபிக்குப் போயிருந்தேன். சடங்கு முடிந்த மறுநாள் காலை அப்பா வாசலில் நின்றபடியே சொன்னார்: “வந்தது வந்தே, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு அம்மிணி. உன்னைய மறுபடி அவ்வளவு தூரத்துலருந்து எதுக்கு அலைக்கழிக்கறது?”

பூர்வீகச் சொத்து. என் கையெழுத்து இல்லாமல் தம்பி பேருக்கு மாற்ற முடியாது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் எல்லாரும் போடுவதுதான். என் அத்தைகள் போட்டார்கள், பெரியம்மா மகள் போட்டாள். எனக்குக் கல்யாணத்துக்குச் செய்தார்கள், படிக்க வைத்தார்கள். அதில் எனக்குச் சங்கடம் ஒன்றும் இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

பதிவு அலுவலகத்தில் கூட்டம். கர்ப்பிணி என்று எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டியவர், “இங்க, இங்க, இங்க” என்றார். நான் அங்கே, அங்கே, அங்கே போட்டேன். பெருவிரலை அழுத்தும்போது கை நிறைய இருந்த கண்ணாடி வளையல்கள் மேசையில் இடித்துச் சத்தம் போட்டன. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். வெளியே வந்ததும் கார்த்தி பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தான். மறுநாள் ஒரு பட்டுப்புடவை கொடுத்தான், நல்ல மயில் பச்சை.

பிறர் வரைந்த ஒரு கோட்டைக்கூடப் படிக்காமல் விடாதவள் நான். அந்தப் பத்திரத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. எந்தக் காடு (எங்கள் பக்கத்தில் விளைநிலத்தைக் காடு என்போம்), எந்த எண், எத்தனை ஏக்கர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று கேட்கவும் தோன்றவில்லை. யாரும் மறைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டிருந்தால் அப்பா சொல்லியிருப்பார்.

5

அடுத்த சனிக்கிழமை எஸ்பிளனேடில் மெட்ரோவை விட்டு இறங்கி, ஆற்றங்கரைப் படகுத்துறைவரை நடந்து, படகில் ஹூக்ளியைக் கடந்து ஹவுராவுக்குப் போனேன். நிமாய்தாவிடம் சந்த்யாவின் முகவரி வாங்கியிருந்தேன். பிரபீர் பாபுவிடம் சொல்லவில்லை. பத்தொன்பதாவது வரியைச் சரிபார்க்கப் போவதாகச் சேகரிடம் சொன்னேன்.

“அவர்தான் கையெழுத்து வாங்கித் தரேன்னுட்டாரே. நீ எதுக்குப் போயி ஜாமேலா பண்றே?” என்றார் சேகர். ஜாமேலா என்றால் தொந்தரவு. தமிழில் அதற்குச் சமமான சொல் கிடையாது என்பது அவர் கட்சி.

லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சந்து. ஜன்னலோரம் தையல் மெஷின், கொடியில் வரிசையாகத் தைத்து முடித்த பிளவுஸ்கள். சந்த்யாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் மாலைபோல இஞ்ச் டேப். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உட்காரு. பிளவுஸ் தோள்ல இழுக்குது உனக்கு. யார் தெச்சது?”

“ஊர்ல தெச்சது, சந்த்யாதி.” அக்காவை இங்கே தீதி என்பார்கள், பெயரோடு சேர்த்தால் தி.

“உன் ஊர்க்காரி கையை மேல தூக்கவே விடமாட்டாளா?” டேப்பைக் கழற்றி மெஷின்மேல் வைத்தார். “தாதா என்ன சொன்னான் என்னைப் பத்தி?” தாதா என்றால் இங்கே அண்ணன்.

“எழுதிக் குடுத்துருவீங்கன்னு.”

“எதை?”

“உங்க பங்கை.”

“என் பங்கு எவ்வளவுன்னு சொன்னானா?”

சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவர்களுடைய அப்பா இறந்து, அம்மாவும் இறந்து, இரண்டே பிள்ளைகள் என்றால் பாதி. எட்டில் நான்கு.

“பாதி,” என்றார் அவரே. “நாற்பது வருஷமா துணியைப் பாதியா மடிச்சு வெட்டறவ நான். அது தெரியாதா எனக்கு?” பிறகு குரல் தணிந்தது. “தாதாவைத் தப்பா நெனைக்காதே. அப்பா படுத்தப்போ அவன்தான் பாத்தான். என் கல்யாணக் கடனையும் அவன்தான் அடைச்சான். கேட்டா நான் போட்டிருப்பேன்தான். பொட்டு வெச்சு, இனிப்புக் குடுத்து, அவன் குடுக்கற புடவையை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு, அப்படியே போட்டுட்டு வந்திருப்பேன்.”

“நானும் அப்படித்தான் போட்டேன்,” என்றேன். சொல்ல நினைத்து வரவில்லை. வளைகாப்பு, வளையல், தேங்காய் பன், மயில் பச்சை எல்லாவற்றையும் என் அரைகுறை வங்காளத்தில் சொல்லி முடித்தேன்.

“படிச்சுப் பாத்தியா?”

“இல்ல.”

“இன்ஜினீயர்!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை வந்தா நான் சொல்ற கடைசி வார்த்தை, ‘எங்க அப்பா வீட்டுக்குப் போறேன்’. முப்பது வருஷமா சொல்றேன். ஒருநாளும் போனதில்ல. அவரும் செருப்பை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு டீ போட்டுக் கொண்டாருவாரு. அங்க வீடே இல்லைன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். விழுந்து பத்து வருஷமாச்சு. ஆனா மண்ணு இருக்குல்ல? அதையும் எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் எங்க போறேன்னு சொல்றது? ஹவுரா ஸ்டேஷனுக்கா?”

ஜன்னல் வழியே லேத் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். அதைக் கேட்டால் யாழினியின் மேடை என் கையை விட்டுப் போகலாம் என்பதும் தெரிந்திருந்தது.

“உங்களுக்கு என்ன வேணும், சந்த்யாதி?”

நெடுநேரம் யோசிக்கவில்லை. எப்போதோ யோசித்து வைத்திருந்தவர்போலச் சொன்னார். “மேடை உனக்கு. வீடு கட்டு, பிள்ளையோட இரு. அந்த மண்ணு குளத்துலருந்து வந்தது. நான் வயித்துல இருக்கும்போது எங்கம்மா கூடையில சுமந்து கொட்டினதாம். சும்மா கிடக்கறதவிட ஒரு குழந்தை அது மேல ஓடட்டும். படித்துறை ஓரமா ரெண்டு காட்டா மட்டும் என் பேர்ல நிக்கட்டும். ஒண்ணும் கட்டமாட்டேன். ரயில் ஏறி வந்தா உக்காந்துட்டுப் போவேன். எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்கக்கூடாது.”

திரும்பும் படகில் நின்றுகொண்டே வந்தேன். சேகரோடு சண்டை வந்தால் நான் சொல்வதும் ‘கோபிக்குப் போறேன்’ என்பதுதான்.

6

சேகரிடம் சொன்னபோது அவர் பட்டியலைத்தான் எடுத்துக் காட்டினார்.

“மூணாவது லைன் பாரு. ‘பிரிக்காத ஒரே துண்டு, கூட்டுப் பாத்தியதை கூடாது.’ உன் கையெழுத்துதானே? இப்ப எட்டு ஆறாச்சு, படித்துறைக்குப் போகணும்னா அவங்க இடத்தைத் தாண்டணும். வேற டிராயிங்கா இருந்தா நீ திருப்பி அனுப்பியிருப்பே.”

“அனுப்பியிருப்பேன்.”

“அப்புறம்?”

“இது அந்த மாதிரி இல்லைங்க.”

சேகர் மூன்றாவது வரியைத் தன் பேனாவால் மெல்ல அடித்துவிட்டார்.

பிரபீர் பாபுவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது.

“எனக்குத் தெரியாம என் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்களா மா? அண்ணன் தங்கச்சி நடுவுல நீங்க யாரு?”

“சொல்லிட்டுப் போயிருக்கணும். மன்னிச்சுக்குங்க,” என்றேன். “ஆனா அவங்க பங்கு அவங்களுக்குன்னு இருந்தாத்தான் நான் வாங்குவேன்.”

“அப்ப வாங்காதீங்க. வேற பார்ட்டி இருக்கு,” என்று உள்ளே போய்விட்டார். வாசலில் அவர் மனைவி கொண்டுவந்த தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மூன்று வாரம் ஒரு செய்தியும் இல்லை. நிமாய்தா மட்டும் ஒருநாள் அழைத்தார். “பௌதி, அந்த வாத்து நிலம் இன்னும் விக்கல. சொல்லட்டுமா?” எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழினி தன் படத்துக்கு ஒரு புதுப் பகுதி சேர்த்திருந்தாள். தொட்டிக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு மேடு. துர்க்கா பூஜை வந்து போனது, காளி பூஜைக்குப் பட்டாசு வெடித்து ஓய்ந்தது.

பாய்ஃபோட்டாவன்று மத்தியானம் சந்த்யாதி போன் செய்தார். பின்னணியில் ரயில் சத்தம்.

“கேளு. போனேன். குளிச்சேன். பொட்டு வெக்கற வரைக்கும் வாயே திறக்கல. பொட்டு வெச்சேன், பாட்டுச் சொன்னேன், பெரிய சந்தேஷா ஒண்ணு எடுத்து வாயில திணிச்சேன். வாய் நிறைய இனிப்பு இருக்கும்போது கேட்டேன். அவன் எப்படி இல்லேம்பான்?”

“என்ன கேட்டீங்க?”

“‘தாதா, இந்த வருஷம் புடவை வேண்டாம். படித்துறை ஓரமா ரெண்டு காட்டா குடு’ன்னேன்.”

“அவர்?”

ரயில் ஏதோ பாலத்தில் ஓடியது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

“மென்னு முழுங்கினான். முழுங்கிட்டு, ‘அது உன்னோடதுதானே பாகலி, நான் எப்படிடீ குடுக்கறது’ன்னான். அப்புறம் அழுதுட்டான், கிழவன். பொட்டெல்லாம் அழிஞ்சுபோச்சு. மறுபடி வெச்சேன்.” பாகலி என்றால் பைத்தியக்காரி. “புடவையும் குடுத்தான். வாங்கிட்டேன். ஏன் விடணும்?”

7

பதிவு மார்கழியில் நடந்தது. விற்பவர்கள் இருவர், அண்ணனும் தங்கையும். வாங்குபவர் பெயர் என்னுடையது. இங்கே பெருவிரல் மட்டும் போதாது. இரண்டு கையின் பத்து விரலையும் மையில் தோய்த்துத் தாளில் பதிய வேண்டும்.

சந்த்யாதி அந்தப் பாய்ஃபோட்டாப் புடவையை உடுத்தி வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தின் முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். எழுத்தர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். “தீதி, எல்லாம் சரியாத்தான் இருக்கு, கையெழுத்து மட்டும் போடுங்க,” என்றார்.

“இந்தப் பொண்ணுக்கு வங்காளம் படிக்கத் தெரியாது. அவ என்ன வாங்கறாள்னு அவ கேக்க வேண்டாமா?” என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நான்கு எல்லைகளும் வந்தன. கிழக்கே ஊர்ப் பாதை. மேற்கே அடுத்தவர் வயல். தெற்கே மூங்கில் வரப்பு. வடக்கே, திருமதி சந்த்யாவின் நிலமும் அதைத் தாண்டிக் குளமும். தன் பெயர் வந்த இடத்தில் ஒரு நொடி நின்று, அந்த வரியை மட்டும் இரண்டாம் தடவை படித்தார். பிரபீர் பாபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மையில் தோய்த்து அழுத்தினார் சந்த்யாதி. சங்கு வளையலும் சிவப்பு வளையலும் மேசையில் தட்டின. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நிலத்தில் கூடினோம். நான் இரும்பு டேப் கொண்டுபோயிருந்தேன். சந்த்யாதி அதை நம்பாமல் தன் தையல் டேப்பால் படித்துறை ஓரத்தை மறுபடி அளந்தார், ஐந்தடி ஐந்தடியாக. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தது யாழினி. என் அளவுக்கும் அவர் அளவுக்கும் நாலு விரல் வித்தியாசம் வந்தது. “உனக்கே இருக்கட்டும்,” என்றார் பெருந்தன்மையாக. கறிவேப்பிலையை மேடையின் தெற்கு ஓரத்தில் இறக்கி நட்டோம். குளிரில் இலை கொஞ்சம் உதிர்த்திருக்கிறது. பிழைத்துக்கொள்ளும் என்கிறார் நிமாய்தா.

அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தேன். நிலம் முடிந்ததைச் சொன்னேன். மேடு, குளம், தையல் டேப் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு நான் கேட்டேன்.

“ஏனுங்கப்பா, அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டனே, அது எந்தக் காடுங்க?”

“எதுக்கு அம்மிணி? எதாச்சும் தேவையா?”

“தேவையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. படிச்சிருந்தாலும் போட்டிருப்பேன். எதுன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்.”

அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வெளியே நடப்பது கேட்டது. செருப்புச் சத்தம், நாய் குரைப்பது, கதவு.

“வீட்டோட சேந்து கெழக்குக் காடு,” என்றார். “ரெண்டே கால் ஏக்கரா. வடக்கால இட்டேறித் தடம். கெழக்கால உன்ற பெரியப்பன் காடு. தெக்கால பனைமரம் ஏழு நிக்கும், அதுவரைக்கும் நம்முளுது. மேக்கால...” இந்த இடத்தில் நிறுத்தினார். “மேக்கால சொன்னா வெளங்காது. லீவு விட்டதும் புள்ளையக் கூட்டிக்கிட்டு வா அம்மிணி. கையெழுத்துக்கெல்லாம் இல்ல. சும்மா வா. நாலு பக்கமும் நடந்து காட்டறன்.”